மழை பிடித்ததும் வயலுக்கு ஏறும் பெரிய மீன்கள்: சித்தூர்ப் பக்கம் பிடிக்காமலே அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி இதுதான். பாலக்காடு மாவட்டச் சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழை பிடித்த முதல் வாரத்தில் ஓடையிலும் வயல் மடையிலும் முழங்கை நீளத்துக்கு மேற்பட்ட மீன்கள் ஏறுகின்றன. எது வாளை, எது விரால், எது வளர்ப்புக்கு விட்ட மீன் என்று கையில் எடுக்காமல் எப்படிச் சொல்வது? முட்டையிடுவதைக் கலைக்காமல் எப்படிப் பார்ப்பது?

மீன் அட்டவணைப் படங்கள் எல்லாமே மீனைப் பக்கவாட்டில் கிடத்தி எடுத்தவை. கரையில் நிற்பவருக்குத் தெரிவது முதுகு. அதுவும் கலங்கல் தண்ணீரில் இரண்டு மூன்று நொடிதான். செதிளை எண்ணுவது, வயிற்றின் நிறம் பார்ப்பது எல்லாம் மீன் செத்த பிறகு செய்கிற வேலை. உயிரோடு ஏறும் மீனுக்கு மூன்று விஷயம் போதும்: மேலிருந்து பார்த்தால் உடம்பின் உருவம், முதுகுத் துடுப்பின் நீளம், அது தண்ணீரில் எந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருக்கிறது என்பது. இவற்றில் மூன்றாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். முட்டையிடும் காலத்தில் அதுதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

எப்போது போவது என்பதிலிருந்து தொடங்கலாம். காலண்டரில் ஜூன் 1 என்று இருப்பதால் மீன் ஏறாது. காய்ந்து கிடந்த வயல் நனைந்து, ஊறி, மிச்சத் தண்ணீர் மடை வழியாக ஓடைக்கு விழத் தொடங்க வேண்டும். அந்த மண் கலந்த புதுத்தண்ணீர் கீழே புழை (ஆறு) வரை ஒரே தொடர்ச்சியாக ஓடிய முதல் இரண்டு நாள்தான் உச்சம். மலையாளத்தில் ஊத்த என்பது இதைத்தான். ஒரு மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கிற கோடை மழைக்கு நம்பிப் போனால் தவளைச் சத்தம்தான் கிடைக்கும். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த இடம். அங்கே இடவப்பாதி ஏமாற்றினால் துலா மழையில், ஐப்பசி கார்த்திகையில், இரண்டாவது வாய்ப்பு உண்டு. விரால் அந்த மழைக்கும் கூடு கட்டும்.

இந்த ஊருக்கே உரிய ஒரு குழப்பமும் இருக்கிறது. சித்தூர்ப் புழையில் தண்ணீர் கூடினால் அது மழையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் கேரளத்துக்கு வர வேண்டும். ஆழியாறில் திறந்தால், இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே புழை நிறையும். ஆனால் அப்போது வயலிலிருந்து ஓடைக்கு வடிகிற தண்ணீர் இருக்காது, அதனால் வயலேற்றம் எதிர்பார்க்க வேண்டாம். மதகை அடைத்தால் மட்டம் சட்டென்று இறங்கும், ஓரத்தில் ஒட்டிய முட்டை வெயிலில் காயும். ஆகவே புழையின் மட்டத்தை மட்டும் பார்க்காமல், வயலிலிருந்து ஓடைக்குத் தண்ணீர் விழுகிறதா என்பதைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

நிற்க வேண்டிய இடம் மடைக்கு நேர் எதிரே அல்ல. தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே உள்ள குழியில் மீன் கூடி, தெம்பு சேர்த்து, பிறகு ஏறும். அந்தக் குழியிலிருந்து ஐந்தாறு மீட்டர் தள்ளி, பக்கவாட்டில், உட்கார்ந்தோ குனிந்தோ இருக்க வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. காலை வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்தால் உங்களுக்கு நன்றாகத் தெரியும், ஆனால் நிழல் நீண்டு மீன்மேல் விழும். வெயில் பக்கவாட்டில் இருப்பது நல்லது. போலராய்டு கண்ணாடி தண்ணீர்ப் பளபளப்பைப் பெருமளவு வெட்டும். விலை குறைந்ததே போதும், கருப்புக் கண்ணாடி மட்டும் உதவாது. பேச்சுச் சத்தத்தைவிட வரப்பில் காலை ஊன்றி நடக்கும் அதிர்வுதான் மீனை விரட்டும். உடம்பின் பக்கவாட்டுக் கோடு வழியாக அதை உணர்ந்துவிடும். வந்து உட்கார்ந்த பிறகு கால் மணி நேரமாவது அசையாமல் இருந்தால்தான் போன மீன் திரும்பும். நேரம் என்றால் விடியலுக்கு முன்னிருந்து எட்டு மணி வரை, பிறகு அந்தி. இரவில் பார்ப்பதாக இருந்தால் டார்ச்சில் சிவப்புக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். பிளாஷ் கூடாது.

நீளத்தைக் கண்ணால் சொல்வதில் எல்லோரும் ஏமாறுவார்கள். தண்ணீருக்குள் இருக்கும் பொருள் உண்மையான ஆழத்தில் முக்கால் பங்கிலேயே இருப்பதுபோல் தெரியும், அதனால் மீன் கிட்டத்திலும் பெரிதாகவும் தோன்றும். மடைக்கல், செங்கல், பாலத்தூண் என்று அளவு தெரிந்த ஏதாவது ஒன்றின் பக்கத்தில் மீன் கடக்கும்போது ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாத "மூணடி இருக்கும்" கணக்கை நான் எப்போதும் இரண்டடியாகவே எடுத்துக்கொள்வேன்.

இனி மீன்கள். அதிகமாக மாறிப்போவது வாளையும் ஆப்பிரிக்கத் தேளி என்னும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும். இரண்டும் செதிள் இல்லாதவை, இரண்டுக்கும் மீசை உண்டு, இரண்டும் முதல் வெள்ளத்தில் இரவோடு இரவாக வயலுக்கு ஏறும், இரண்டும் ஒரு மீட்டரைத் தாண்டி வளரக்கூடியவை. மேலிருந்து பார்க்கும்போது வாளையின் தலை அகலமாகத் தட்டையாக இருக்கும், அதற்குப் பின்னால் உடம்பு சட்டென்று ஒடுங்கி நாடாபோல் மெலிந்துகொண்டே போகும். நீந்தும்போது பின்பாதி முழுவதும் அலை அலையாக ஆடும். முதுகுத் துடுப்பு விரல் நுனி அளவுக்குத்தான், பெரும்பாலும் கண்ணிலேயே படாது. நீளமான துடுப்பு இருப்பது வயிற்றுக்கு அடியில், வால் வரை. வால் ஆழமாகப் பிளந்திருக்கும். மீசை இரண்டு ஜோடிதான். மேல்தாடையில் இருப்பது மிக நீளம், கீழ்த்தாடையில் இருப்பது குட்டை. வாய் பிளவு கண்ணையும் தாண்டிப் பின்னால் போவது வாளைக்கே உரிய அடையாளம். அதே குடும்பத்துச் சின்ன மீன்களுக்கு வாய் கண்ணுக்கு முன்னாலேயே நின்றுவிடும்.

ஆப்பிரிக்கத் தேளிக்குத் தலை மண்வெட்டித் தகடுபோல் கெட்டியான எலும்பு. முதுகுத் துடுப்பு கழுத்துக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஓடும், கரையிலிருந்தே கருங்கோடாகத் தெரியும். வால் வட்டம். மீசை நான்கு ஜோடி. சாம்பலில் கருந்திட்டு. ஆக, முதுகில் நீளக்கோடு தெரிந்தால் அது வாளை இல்லை. இந்த ஒரு சோதனையே பத்தில் ஒன்பது தடவை தீர்த்துவிடும். நம் நாட்டுத் தேளிக்கும் முதுகுத் துடுப்பு நீளம்தான், ஆனால் அது முழங்கை நீளம் வளர்வதில்லை. பெரிய தேளி கண்டால் வளர்க்கத் தடை உள்ள அயல் இனம் என்று எடுத்துக்கொள்வதே சரி.

வாளை முட்டையிடுவதை வயலில் பார்ப்பது அபூர்வம் இல்லை, சத்தம் கேட்டு அடையாளம் வைக்க வேண்டும். முழங்கால் ஆழத்துக்கும் குறைவான, புல் மூழ்கிய தண்ணீர். பெண் முன்னே மெதுவாகப் போகும், வயிறு இரு பக்கமும் புடைத்து, மேலிருந்தே நடுவுடல் தடித்துத் தெரியும். ஆண் சற்று மெலிந்து, மூக்கால் அதன் பக்கத்தை முட்டிக்கொண்டே தொடரும். பிறகு ஆண் உடலை வளைத்துப் பெண்ணைச் சுற்றி அழுத்தும். அந்த நொடியில் தண்ணீர் பளாரென்று தெறிக்கும், புல் ஆடும், உடனே அடங்கும். சில நிமிடம் கழித்துக் கொஞ்சம் தள்ளி மறுபடியும். இப்படி இடம் மாற்றி மாற்றித் தெறிப்பதுதான் அடையாளம். ஒரே இடத்தில் விடாமல் துள்ளினால் அது பெரும்பாலும் தண்ணீர் வடிந்து சிக்கிக்கொண்ட மீன். முட்டை புல்லிலும் தரையிலும் கிடக்கும், காவல் கிடையாது. முட்டையிட்டதும் பெரிய மீன் ஆழத்துக்குத் திரும்பிவிடும். திரும்புகிற வழியில்தான் வலையில் மாட்டும். வாளை உலக அளவில் அழிவுக்கு இலக்காகக்கூடிய இனம் என்று சிவப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருப்பதற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம்.

விரால் இதற்கு நேர் எதிர். கூட்டம் கிடையாது, துள்ளல் கிடையாது, ஓட்டமும் வேண்டாம். மேலிருந்து பார்த்தால் உருளை உடம்பு, பாம்புத்தலை, தலைக்குப் பின்னால் தொடங்கி வால் வரை ஒரே துடுப்பு. வட்டமான இரு பக்கத் துடுப்புகளை விரித்து, ஆடாமல் நிற்கும். காற்றுச் சுவாசம் உள்ள மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்து ஒரு வாய் காற்று எடுத்துக்கொண்டு இறங்கும். தேளியும் அப்படி வரும். ஆனால் தேளி வேகமாக மேலேறிப் புரண்டு திரும்பும், விரால் மெதுவாக மூக்கை மட்டும் நீட்டும். வால் தொடங்கும் இடத்தில் வெள்ளை விளிம்போடு கருங்கண் போன்ற புள்ளியோ, பக்கத்தில் கருந்திட்டுகளின் மேல் வெண்புள்ளித் தெறிப்போ இருந்தால் அது விராலிலேயே பெரிய இனம். சாதாரண விராலுக்கு அந்தக் கண்புள்ளி இராது, சாய்ந்த பட்டைகள்தான்.

விரால் கூட்டைக் கண்டுபிடிக்க ஏரி ஓரத்திலும் வாய்க்கால் திருப்பத்திலும் செடி அடர்ந்த இடத்தைப் பாருங்கள். இடுப்பளவுக்குக் குறைந்த நிலைத் தண்ணீர். செடிக்கு நடுவே ஒரு தட்டு அளவு வட்டமாகத் துப்புரவாக்கிய இடம் இருக்கும். அதன்மேல் மஞ்சள் எண்ணெய் படிந்ததுபோல் முட்டைகள் மிதக்கும். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே மேல். தவளை முட்டையென்று இதைத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு. தவளை முட்டையைச் சுற்றிக் கோந்து இருக்கும், நடுவே கரும்புள்ளி இருக்கும். விரால் முட்டைக்குக் கோந்துறை இல்லை, உள்ளே எண்ணெய்த் துளியோடு தேன் நிறத்தில் பளபளக்கும். ஒன்றரை நாளுக்குள் பொரித்துவிடும். அதனால் நேற்றுப் பார்த்த வட்டம் இன்று வெறுமையாக இருந்தால் யாரோ எடுத்துவிட்டார்கள் என்று பதற வேண்டாம்.

சில நாளில் குஞ்சுகள் செக்கச்சிவந்த ஆரஞ்சு நிறத்தில் ஒரு கூடை அளவு திரளாக மிதக்கத் தொடங்கும். இதைப் பார்க்கக் கற்றுக்கொண்டால் பெரிய விராலைத் தேட வேண்டியதே இல்லை. தண்ணீர்ப் பரப்பில் ஒரு திட்டு மட்டும் மழைத்தூறல் விழுவதுபோல் கொப்பளிக்கும், அடங்கும், ஓரடி தள்ளிக் கொப்பளிக்கும். குஞ்சுகள் ஒன்றாக மேலே வந்து காற்று எடுக்கின்றன. திட்டுக்குச் சரியாகக் கீழே, அரை மீட்டர் ஆழத்தில், தாயோ தந்தையோ நிற்கும். ஜிலேபி மீன் கிட்டே வந்தால் அம்புபோல் பாய்ந்து விரட்டிவிட்டு அதே இடத்துக்கு வரும். குச்சியை நீட்டினாலும் பாயும். அந்தப் பாய்ச்சலைத்தான் தூண்டில்காரர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்: திரளுக்கு நடுவில் தவளைப் பொம்மையைப் போட்டால் பசி இல்லாத மீனும் கடிக்கும். பெரிய மீன் போய்விட்டால் திரள் சிதறி, மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். குஞ்சு விரல் நீளமாகி, சிவப்பு மங்கி, பெரிய விராலின் நிறம் வரும்வரை காவல் தொடரும். கொப்பளிக்கும் இடத்தைப் படம் எடுத்துக் குளத்தின் பெயரோடு ரீல்ஸில் போடுவது தூண்டிலைப் போடுவதற்குச் சமம். இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் இல்லை.

கெண்டைக் கூட்டத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். மீன்கரை, சுள்ளியாறு, வாளையாறு அணைகளில் உள்ள கட்லா, ரோகு, மிர்கால் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்டவை. மேலிருந்து பார்த்தால் நடுமுதுகில் ஒரே துடுப்பு, கதிர் வடிவ உடம்பு. கட்லாவுக்குத் தலை மிகப் பெரிது, வாய் மேல்நோக்கியது. ரோகுவுக்குச் சின்னத் தலை, உதட்டில் ஜாலர். மிர்கால் ஒல்லி, வாய் கீழ்நோக்கியது. சாதாக் கெண்டைக்கு முதுகுத் துடுப்பு நீளம், இரண்டு ஜோடி குட்டை மீசை. சாதாக் கெண்டை நின்ற தண்ணீரிலேயே பாசியில் முட்டையை ஒட்டும். ஆகவே குளத்து ஓரச் செடியில் கடுகு கடுகாக ஒட்டியிருந்தால் அதை முதலில் சந்தேகியுங்கள். மற்ற மூன்றும் வெள்ளம் ஓடினால்தான் முட்டையிடும், அணைக்குள் தண்ணீர் வந்து சேரும் முகத்துவாரத்தில், புதிதாக மூழ்கிய புல்மேட்டில். முட்டை ஒட்டாது, ஊறி நான்கைந்து மில்லிமீட்டர் கண்ணாடி மணியாகும், பதினாறு மணி நேரம் போலப் பொரிக்கும்.

குளத்தில் கட்லா முட்டையிடுகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குளத்தில் அவை தானாக முட்டையிடாததால்தான் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி ஊசி மருந்து போட்டு முட்டையிட வைத்தது பெரிய செய்தியானது. இன்றும் அந்த நாள் தேசிய மீன் விவசாயிகள் தினம். குளத்தில் விடியற்காலை எல்லா மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அது மூச்சுத் திணறல். முதல் மழை அடித்துக்கொண்டு வந்த சாணமும் இலைதழையும் அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடும். முட்டையிடும் மீன் ஜோடியாகத் துரத்தும், பக்கத்தில் போனால் கலையும். திணறும் மீன் தனித்தனியாக, தலையைத் தூக்கி, ஆளைக் கண்டும் நகராமல் நிற்கும். உடனே புதுத்தண்ணீர் விட வேண்டும்.

விலாங்கும் வெள்ளத்தில் வெளிப்படும், கைத்தடி தடிமனில். ஆனால் அது இங்கே முட்டையிடுவதில்லை. வளர்ந்த விலாங்கு கடலுக்குப் போய்த்தான் இனம் பெருக்கும். எல்லா மீனும் ஏறும்போது கீழ்நோக்கிப் போகும் நீளமான ஒன்றைக் கண்டால் அதுவாக இருக்கலாம்.

மலையாற்றுப் பெரிய கெண்டையான மஹசீரைப் பார்க்க வேண்டுமென்றால் வயல் ஓடை இடம் இல்லை. கூழாங்கல் படுகை, தெளிந்த ஓட்டம் உள்ள மலையாறு வேண்டும். எல்லைப்புறத்தில் மறையூரிலிருந்து சின்னாறு வழியாக அமராவதிக்கு இறங்கும் பாம்பாறு அப்படிப்பட்டது. 2010-ல் டோர் ரேமாதேவி என்ற இனம் இந்த ஆற்று மீனைக் கொண்டுதான் விவரிக்கப்பட்டது, பெயர் மீனியலாளர் கே. ரேமாதேவியைச் சிறப்பிக்க வைத்தது. காவிரியின் கூன்முதுகு மஹசீரும் இதே இனம் என்று 2018-ல் தெரியவந்தது. அதே ஆண்டு மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டது. தலைக்கும் முதுகுத் துடுப்புக்கும் நடுவே திமில் எழும்பியிருப்பதும் வால் துடுப்பில் செம்மஞ்சள் சாயலும் அடையாளம். துடுப்பில் நீலச்சாயல், திமில் இல்லை என்றால் அது டோர் குத்ரீ என்ற வேறொரு மஹசீர் இனமாக இருக்கும். லோனாவ்லா பண்ணையில் பெருக்கிப் பல ஆறுகளில் விட்டது அதுதான். மஹசீர் ஏறும் வெள்ளத்தில் அல்ல, வெள்ளம் வடிந்து தண்ணீர் தெளியும்போது கூழாங்கல்லில் முட்டையிடும், பொரிக்க மூன்று நாளுக்கு மேலாகும். ஆகவே அந்தக் காலத்தில் ஆழமில்லாத கல்படுகையில் காலை வைத்து நடப்பதே முட்டையை நசுக்குவதுதான். சின்னாறில் வனத்துறை அனுமதியும் வழிகாட்டியும் இல்லாமல் ஆற்றில் இறங்க முடியாது. கீழே அமராவதி அணையில் முதலை உண்டு.

குறிப்பேட்டில் நாள், நேரம், மழை அளவு, தண்ணீர் வெப்பம், மீன் போன திசை, ஆழம், ஜோடியா கூட்டமா என்று எழுதுங்கள். மழை அளக்க நேர்ப்பக்கம் உள்ள பாட்டிலில் ஸ்கேல் ஒட்டினால் போதும். கலங்கலுக்கு, கயிற்றில் கட்டிய வெள்ளைத் தட்டை இறக்கி எந்த ஆழத்தில் மறைகிறது என்று பாருங்கள். ஒரு சாண் ஆழத்திலேயே மறைந்தால் அன்று இனம் சொல்வதை விட்டுவிட்டுச் சத்தத்தையும் துள்ளலையும் மட்டும் குறிக்கலாம்.

ஊத்த மீனைப் பிடிப்பது கேரளத்தின் 2010 உள்நாட்டு மீன்வளச் சட்டப்படி குற்றம். 15,000 ரூபாய் அபராதமும் ஆறு மாதச் சிறையும் விதிக்க இடமுண்டு. "சும்மா அடையாளம் பார்க்கத்தான்" என்று மடையில் மீன்பிடிக் கூடு வைத்தாலும் ஓட்டத்தை அடைத்ததாகத்தான் கணக்கு. வயல் வடிந்து மீன் சிக்கியிருந்தால், கையை நனைத்துக்கொண்டு ஈரச்சாக்கில் ஏந்தி, பக்கத்து ஓடையில் தலை ஓட்டத்தை எதிர்த்திருக்கும்படி இறக்கி விடுங்கள். விராலுக்கு அது தேவையே இல்லை, ஈரத்தில் தானே வழி தேடும். தேளியைக் கண்டால் மட்டும் ஓடையில் விடாதீர்கள். மழைக்கால வயல் தண்ணீரில் எலிக்காய்ச்சல் பயம் நிஜம். காலில் புண் இருந்தால் இறங்காதீர்கள், முழங்கால் பூட்ஸ் போடுங்கள், தொடர்ந்து இறங்க வேண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பு மாத்திரை கேட்டுக்கொள்ளுங்கள். வரப்பில் உட்காருமுன் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர்ப்பாம்பு ஒன்றும் செய்யாது, ஆனால் வெள்ளம் ஏறினால் கண்ணாடி விரியனும் மேடு தேடி அதே வரப்புக்குத்தான் வரும்.